மீன்தொட்டிக்கு மேல் விளக்கு: கடற்கரை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை பக்கம் புதிதாக மீன்தொட்டி வைப்பவர்கள் விளக்கு மாட்டுவதைப் பார்த்தால், அதே பழைய தவறுதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது. மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், ஏணி ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

கூரையில் நைலான் பிளக்கும் இரும்புக் கொக்கியும்

நான்கடி எல்இடி விளக்கு மூன்று, நான்கு கிலோ இருக்கும். இவ்வளவுதானே என்று துளை போட்டு, நைலான் பிளக் அடித்து, முலாம் பூசிய இரும்புக் கொக்கியைத் திருகிவிடுகிறார்கள். கையால் இழுத்துப் பார்த்தால் அசையாது. அதை நம்பித்தான் ஏமாந்துபோகிறார்கள். சுவரில் அடித்த பிளக்கில் எடை குறுக்காக இறங்கும். கூரையில் அதே எடை பிளக்கை இரவும் பகலும் நேராகக் கீழே உருவும். நைலான் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். 30 மி.மீ. பிளக்கில் 10 மி.மீ. பூச்சுக்குள்ளேயே போய்விட்டால் மிச்சம்தான் கான்கிரீட்டில் பிடிக்கிறது. போதாததற்கு, கடற்காற்றின் உப்பும் தொட்டியிலிருந்து ஏறும் ஈரமும் சேர்ந்து கொக்கியின் மரையை அரிக்கின்றன.

மாட்டிய அன்று தாங்குகிறதா என்பது கேள்வியே இல்லை. இரண்டு மழைக்காலம் கழித்தும் தாங்குமா என்றுதான் கேட்க வேண்டும். 4 × 1.5 × 1.5 அடி தொட்டியில் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. விளக்கு விழுந்து கண்ணாடி உடைந்தால், அத்தனையும் மின் வயரோடு சேர்ந்து கூடத்தில் ஓடும். மலிவான கொக்கியில் மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு இது தேவையா?

துளை போடும் முன் கூரைத் தளத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தாலோ, பழுப்புக் கறையோ கம்பி போகும் திசையில் கீறலோ தெரிந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று பொருள். அங்கே எந்த ஆங்கரையும் (கான்கிரீட்டுக்குள் இறுகிப் பிடிக்கும் உலோகப் பிடிப்பை) நம்ப முடியாது. தொட்டி ஸ்டாண்டிலிருந்தே சட்டம் எழுப்பி விளக்கை மாட்டுங்கள். ஓட்டு வீட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதே வழிதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

தளம் கணீரென்று இருந்தால் எம்6 டிராப்-இன் ஆங்கர் போடுங்கள். 8 மி.மீ. பிட்; பூச்சைக் கழித்துவிட்டு, கான்கிரீட்டுக்குள் ஆங்கரின் நீளமான 25 மி.மீ. ஆழம் வேண்டும். தூசியை ஊதி எடுத்தபின் ஆங்கரை நுழைத்து, அதற்குரிய பன்ச்சால் அடித்து விரியவையுங்கள். பிட் கம்பியில் முட்டினால் அழுத்தாதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளி வேறு துளை போடுங்கள்.

கடையில் வெறுமனே 'எஸ்எஸ்' (துருப்பிடிக்காத எஃகு) என்று கேட்டால் பெரும்பாலும் 304 ரகம்தான் கையில் வரும். 316 என்று சொல்லிக் கேளுங்கள். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பின் அரிப்பைத் தாங்குகிறது. ஒவ்வொரு ஆங்கரும் தனியாகவே முழு எடையையும் தாங்க வேண்டும். தனி ஆங்கரிலிருந்து ஒரு காப்புக் கம்பியும் கட்டுங்கள்.

பித்தளை கிளிப்

தொங்கு கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளிப் பல செட்களில் நிக்கல் பூசிய பித்தளை. பூச்சு போனால் பச்சை களிம்பு பிடிக்கும். அது சொட்டினால் தொட்டிக்குள் இறங்குவது தாமிரம். மீன் ஓரளவு தாங்கும். இறாலும் கடல் சாமந்தியும் தாங்காது. உப்புத் தண்ணீர் தொட்டிக்கு எஸ்எஸ் கிளிப்தான்.

வயர்

வயர் பிளக் பாயிண்ட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். அடாப்டர் தொட்டிக்கு மேலே வேண்டாம். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள்.

ஒற்றைக் கம்பி

ஜன்னலைத் திறந்தால் வாடைக்காற்றில் விளக்கு ஊஞ்சலாடும், மரை தளரும். இரு முனையிலும் 'வி' வடிவில் கட்டுங்கள்.

பவளத்துக்கென்று பெரிய விளக்கு

மன்னார் வளைகுடாவின் கடின பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். கோமாளி மீன் மட்டும் வளர்க்கச் சிறிய விளக்கே போதும், எடையும் குறையும்.

நிரம்பிய தொட்டிக்கு மேல் துளை

கூடவே கூடாது. சிமெண்ட் தூசி விழுந்தால் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும். தொட்டி வைக்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்து, அதற்கு நேர் மேலே அளந்து துளை போட்டு முடித்தபிறகு தொட்டியைக் கொண்டு வாருங்கள்.