மூலகத்தைக் காட்டிக்கொடுக்கும் எண் எது? சமதானி வினாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஓர் அணுவின் கருவில் 19 புரோத்தன்களும் 21 நியூத்திரன்களும் உள்ளன, அம்மூலகம் யாது?" திருகோணமலையில் பல ஆண்டுகளாக இரசாயனம் கற்பித்துவரும் நான் இவ்வினாவைக் கொடுக்கும்போதெல்லாம், "கல்சியம்" என்று எழுதும் மாணவர் வகுப்புக்கு இருவராவது இருப்பர். அவர்கள் கூட்டலில் பிழைவிடவில்லை. 19ஐயும் 21ஐயும் கூட்டி 40 என்று பெற்று, 40 என்றதும் மனப்பாடத்தில் முந்திக்கொண்டு வரும் கல்சியத்தை எழுதிவிடுகிறார்கள். விடையோ வினாவின் முதல் எண்ணிலேயே இருக்கிறது: 19 புரோத்தன்கள் என்றால் அது பொற்றாசியமே. ஒரே மூலகத்தில் நியூத்திரன்களின் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்களே சமதானிகள்.

திணிவெண், அதாவது புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் கூட்டிய எண்ணிக்கை, 40 ஆக உள்ள அணுக்கள் இயற்கையில் மூன்று மூலகங்களில் உண்டு. ஆகன்-40இல் 18 புரோத்தன்களும் 22 நியூத்திரன்களும், பொற்றாசியம்-40இல் 19உம் 21உம், கல்சியம்-40இல் 20உம் 20உம் உள்ளன. கந்தளாயிலும் மூதூரிலும் வயலுக்கு இடும் எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு) உரத்திலுள்ள பொற்றாசியத்தில், பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாக இந்தப் பொற்றாசியம்-40 கலந்திருக்கிறது. அது மிக மெதுவாகச் சிதையும்போது பெரும்பகுதி கல்சியம்-40 ஆகவும், ஏறத்தாழ 11 சதவீதம் ஆகன்-40 ஆகவும் மாறுகிறது. இரு வழிகளிலும் 40 என்ற எண் அசைவதில்லை. புரோத்தன் ஒன்று கூடுவதாலோ குறைவதாலோ மூலகம் மட்டும் மாறிவிடுகிறது. திணிவெண்ணை வைத்து மூலகத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆவர்த்தன அட்டவணையில் 39.95 என்ற சார் அணுத்திணிவுடைய (மூலகத்தின் அணுக்களது சராசரித் திணிவு) ஆகன், 39.10 உடைய பொற்றாசியத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருப்பதற்கும் அணுவெண்ணே, அதாவது புரோத்தன்களின் எண்ணிக்கையே, காரணம். பௌதிகவியலாளர் மோஸ்லி 1913இல் மூலகங்களின் எக்ஸ் கதிர்களை அளந்து காட்டிய பின்னரே இவ்வரிசைக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது.

எண்கள் நிற்கும் இடத்தைக் கவனியாமையும் மதிப்பெண்களைக் குறைக்கிறது. குறியீட்டின் இடப்பக்கத்தில் மேலே திணிவெண்ணும் கீழே அணுவெண்ணும் எழுதப்படும். ஆனால் வகுப்பறைச் சுவரில் தொங்கும் அட்டவணைகள் பலவற்றில் அணுவெண் மேலேயும் சார் அணுத்திணிவு கீழேயும் அச்சிடப்பட்டிருப்பதால், அதை அப்படியே பார்த்து எழுதுபவர் இரண்டையும் தலைகீழாக்கிவிடுகிறார். காபன்-14 என்பதைக் கண்டு, அணுவெண் 14 உடைய சிலிக்கனின் பெயரை எழுதியவர்களும் உண்டு. திணிவெண் ஒருபோதும் அணுவெண்ணிலும் சிறிதாக இராது என்பதை நினைவிற்கொண்டால், தலைகீழாக எழுதியதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இலத்திரன்கள் கூடியோ குறைந்தோ மின்னேற்றம் பெற்ற அணுக்களான அயன்களைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 11 புரோத்தன்கள், 12 நியூத்திரன்கள், 10 இலத்திரன்கள் என்று கொடுத்தால், பத்தைப் பார்த்து நேயன் என்று எழுதாதீர்கள். அது சோடியம் அயன். இலத்திரன்களையும் கூட்டித் திணிவெண் 33 என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. திணிவெண் என்பது கருவிலுள்ள துணிக்கைகளின் எண்ணிக்கை மாத்திரமே.

நான் மிகவும் அஞ்சும் தவறு இன்னொன்று. சார் அணுத்திணிவிலிருந்து அணுவெண்ணைக் கழித்தால் நியூத்திரன் எண்ணிக்கை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். குளோரீனுக்கு 35.5இலிருந்து 17ஐக் கழித்து "18.5 நியூத்திரன்கள்" என்று எழுதியவரைப் பார்த்து வகுப்பே சிரிக்கும், அரை நியூத்திரன் இல்லை என்பதால் பிழை தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது. குளோரீனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குளோரீன்-35 ஆகவும், எஞ்சியது குளோரீன்-37 ஆகவும் இருப்பதால், 35.5 என்பது அக்கலவையின் சராசரி. எந்தத் தனி அணுவின் அளவும் அன்று. ஆனால் அன்று சிரித்த அதே மாணவர்கள் புரோமீனில் வழுக்கி விழுகிறார்கள். அதன் சார் அணுத்திணிவு 79.9, அதை 80 ஆக்கி 35ஐக் கழித்தால் 45 என்ற அழகான முழு எண் வருகிறது, எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கோணேசர் மலையடியில் மோதும் கடலிலும் சிறிதளவு புரோமீன், புரோமைட்டு அயனாகக் கரைந்திருக்கிறது. அதை எவ்வளவு அள்ளிச் சோதித்தாலும் அதில் கிடைப்பவை புரோமீன்-79உம் புரோமீன்-81உம் மட்டுமே. முதலாவதில் 44 நியூத்திரன்கள், மற்றதில் 46. இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்திருப்பதால் சராசரி 80ஐ ஒட்டி வருகிறதே தவிர, 45 நியூத்திரன்கள் உள்ள அணு இயற்கைப் புரோமீனில் இல்லை. 107.9 என்ற சார் அணுத்திணிவுடைய வெள்ளியும் இப்படித்தான் ஏமாற்றும். அதன் இயற்கைச் சமதானிகள் 107உம் 109உம். ஆகவே வினாவில் திணிவெண் தரப்படாதபோது, எந்தச் சமதானியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

புரோத்தன்களும் நியூத்திரன்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்ற எண்ணம் காபன்-12, ஒட்சிசன்-16 ஆகியவற்றை மட்டுமே பார்த்துப் பழகியதால் வருவது. நமது மாவட்டத்தின் வடக்கே, புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள இல்மனைற்றில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்திருக்கின்றன. தைத்தேனியத்தின் அணுவெண் 22. அதன் மிகுதியான சமதானி தைத்தேனியம்-48 என்பதால் நியூத்திரன்கள் 26. அதே மணலில் சிறிதளவாக இருக்கும் மொனசைற்றிலுள்ள தோரியம்-232இலோ 90 புரோத்தன்களுக்கு 142 நியூத்திரன்கள். தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது (தானாகச் சிதைந்து கதிர்களை வெளிவிடுவது), ஆனால் 46 முதல் 50 வரையான திணிவெண்களையுடைய இயற்கைத் தைத்தேனியச் சமதானிகள் ஐந்தும் உறுதியானவை. சமதானி என்றாலே கதிர்வீச்சு என்று எழுதுபவர்களுக்கு இந்த ஒரு பிடி மணலே மறுப்பு.

தியூத்தீரியம், திரித்தியம் என்று தனிப் பெயர்கள் இருப்பதால் அவற்றை வேறு மூலகங்களாகக் கருதுவோரும் உளர். இரண்டிலும் புரோத்தன் ஒன்றே; ஆதலால் இரண்டும் ஐதரசனே. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நாம் அள்ளி ஊற்றிக்கொள்ளும் நீரில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐதரசன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் தியூத்தீரியம் கலந்தே இருக்கிறது.