63 வயதில் வெட்கத்தை விட்டு டாக்டரிடம் போனேன்

ஆண்குறி விறைப்பு சரியாக வராமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது. வயசானால் இப்படித்தான் என்று நினைத்து, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் முதுகைத் திருப்பிப் படுத்துக்கொள்வேன். தன்மேல் எனக்குப் பிரியம் போய்விட்டதென்று அவள் அழுதிருக்கிறாள். அது தெரிந்த மறுநாளே டாக்டரிடம் போனேன்.

அவர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பரிசோதனைகள் எழுதினார். ஆண்குறியின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் அடைப்பு பல நேரம் அங்கேதான் முதலில் தெரியுமாம். எனக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை உண்டா என்று இரண்டு முறை கேட்டார். விறைப்புக்கான மாத்திரை அதோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். தயவுசெய்து யாரும் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரை 50 மில்லிகிராம் கொடுத்தார். முதல் இரண்டு முறை பலனில்லை. வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போட்டதுதான் தப்பு; கொழுப்பான சாப்பாடு மருந்தைத் தாமதமாக்கும். அப்புறம், மாத்திரை போட்டுவிட்டுச் சும்மா காத்திருந்தால் எதுவும் நடக்காது. ஆசையும் தொடுதலும் வேண்டும். அடுத்த முறை லேசாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்னால் போட்டேன். மருந்து கேட்டது. முகம் கொஞ்சம் சூடாகி மூக்கடைத்தது, அவ்வளவுதான்.

மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு வெற்றிடப் பம்பு, ஊசி, அறுவை சிகிச்சையில் பொருத்தும் கருவி எல்லாம் இருக்கின்றன. நான் சிகரெட்டை விட்டுவிட்டு தினமும் நடக்கிறேன். அவளும் கூட வருகிறாள்.