பரம்பரைச் சாபம் உண்மையா? ஒரு போதனையை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

ஆவிக்குரிய யுத்தம், அதாவது பிசாசின் வல்லமைகளை எதிர்த்து நிற்பது பற்றிய செய்திகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. யூடியூபைத் திறந்தால் ஒருவர் பட்டணத்தின் ஆவியைக் கட்டுகிறார், இன்னொருவர் ஏழு தலைமுறைச் சாபத்தை முறிக்கிறார். கேட்கிறவருக்கோ குழப்பம். இதில் எது வேதம், எது அவர்களாகச் சேர்த்துக்கொண்டது?

"ஊழியக்காரரைச் சோதிக்கக் கூடாது" என்று சிலர் மிரட்டுவார்கள். அதற்குப் பயப்படவே வேண்டாம். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே அப்படியே விழுங்கிவிடவில்லை. "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதற்காக லூக்கா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, "நற்குணசாலிகள்" என்று எழுதிவைத்தார் (அப்போஸ்தலர் 17:11). பவுலுக்கே இது பொருந்தும் என்றால் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

தேவையானவை அதிகமில்லை: ஒத்துவாக்கியங்கள் (அதே விஷயத்தைப் பேசும் மற்ற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, பேனா. பழைய திருப்புதலின் நீண்ட வாக்கியம் பிடிபடாவிட்டால் திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். வசனம் தேட மொபைல் ஆப் போதும்.

பழகுவதற்குப் பரம்பரைச் சாபத்தையே எடுத்துக்கொள்வோம். நம் சபைகளில் புதிதாக விசுவாசத்துக்கு வந்த குடும்பங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். "உங்க தாத்தா கோயில் பூசாரியா? அதான் கடன் தீரல, பொண்ணுக்கு வரன் அமையல" என்று யாராவது சொல்லிவிட்டால், ராத்திரி தூக்கம் போய்விடும்.

படி 1: போதனையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

கேட்ட செய்தியை உங்கள் வார்த்தையில், ஒரு வரிக்கு ஒரு கருத்தாக எழுதுங்கள். பரம்பரைச் சாபப் போதனையைப் பிரித்தால் இப்படி வரும்:

அ. முன்னோர் செய்த பாவத்தின் விளைவு பிள்ளைகளையும் தொடும்.
ஆ. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்மேலும் அது சாபமாக, ஓர் ஆவியின் பிடியாகத் தொடரும்.
இ. அதை முறிக்க, முன்னோரின் பாவங்களைத் தேடிப்பிடித்து, பெயர் சொல்லித் தனி ஜெபம் செய்யவேண்டும்.
ஈ. அந்த ஜெபத்தை அதற்கென்று வரம் பெற்றவர்தான் செய்யமுடியும்.

இந்த ஒரு வேலையிலேயே பாதி தெளிவு வந்துவிடும். பிரசங்கத்தில் வசனம் காட்டப்படுவது பெரும்பாலும் 'அ'வுக்கு மட்டும்தான். கடைசியில் "ஆமென்" சொல்லும்போது 'ஈ' வரைக்கும் ஒப்புக்கொண்டிருப்போம்.

படி 2: காட்டிய வசனத்தை முன்னும் பின்னும் வாசியுங்கள்

வழக்கமாகக் காட்டப்படுவது யாத்திராகமம் 20:5. பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" விசாரிக்கிறவர் என்று தேவன் சொல்கிறார். அங்கேயே நிறுத்தாமல் 4 முதல் 6 வரை வாசியுங்கள். பேச்சு விக்கிரக ஆராதனையைப் பற்றியது. "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்ற சொற்கள் அதே வசனத்தில்தான் இருக்கின்றன. அடுத்த வசனத்தில், அவரிடம் அன்புகூர்ந்து கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம். நான்கு தலைமுறையை வைத்து மூன்று நாள் கூட்டம் நடத்துகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் ஆயிரத்தை ஏன் தொடுவதில்லை?

படி 3: அதே விஷயத்தைப் பேசும் மற்ற இடங்களைத் தேடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும். ஒத்துவாக்கியங்களைப் பிடித்துக்கொண்டு போனால் உபாகமம் 24:16 கிடைக்கும்: அவனவன் பாவத்துக்கு அவனவனே கொலைசெய்யப்படவேண்டும், பிள்ளைகளுக்காகப் பிதாக்களோ பிதாக்களுக்காகப் பிள்ளைகளோ அல்ல. அமத்சியா ராஜா தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்தபோது, இந்த வசனத்தின்படியே அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான் (2 இராஜாக்கள் 14:6).

அப்புறம் எசேக்கியேல் 18. அதிகாரம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லித் திரிந்தார்கள். எல்லாம் அப்பன் தாத்தா செய்தது, நாங்கள் என்ன செய்வோம் என்கிற புலம்பல் அது. இனி அந்தப் பழமொழியைச் சொல்லவே கூடாது என்கிறார் தேவன். நீதிமானான அப்பன், துன்மார்க்கனான மகன், அதையெல்லாம் பார்த்துப் பயந்து நல்வழியில் நடக்கிற பேரன் என்று மூன்று தலைமுறையைச் சொல்லிக் காட்டுகிறார். பேரனைப் பற்றிய தீர்ப்பு: அவன் தகப்பனுடைய அக்கிரமத்தினிமித்தம் சாகமாட்டான். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று 20ஆம் வசனம் முடித்துவிடுகிறது.

உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கிற வசனங்களையும் எழுதவேண்டும். அதை விட்டுவிட்டால் நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம். புலம்பல் 5:7, "எங்கள் பிதாக்கள் பாவஞ்செய்து மாண்டுபோனார்கள், நாங்கள் அவர்களுடைய அக்கிரமங்களைச் சுமக்கிறோம்" என்கிறது. எண்ணாகமம் 14:33இல் பெற்றோரின் அவிசுவாசத்தால் பிள்ளைகள் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைகிறார்கள். ஆக, 'அ' நிற்கிறது. குடிகார அப்பன் வீட்டில் வளர்கிற பிள்ளை படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் விளைவைச் சுமப்பது வேறு, குற்றவாளியாக எண்ணப்படுவது வேறு. வனாந்தரத்தில் அலைந்த அதே பிள்ளைகள்தான் கானானுக்குள் போனார்கள்.

லேவியராகமம் 26:40, நெகேமியா 9:2, தானியேல் 9 ஆகியவற்றில் பிதாக்களின் பாவத்தை அறிக்கையிடுவதும் உண்டு. அவற்றை 'இ'க்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வாசித்துப் பாருங்கள்: ஒரு தேசமாக, தங்கள் பாவத்தையும் சேர்த்து, "நாங்களும் எங்கள் பிதாக்களும்" என்ற தொனியில் அறிக்கையிடுகிறார்கள். வம்சவரலாற்றைத் தோண்டி, எந்தத் தாத்தா எந்தத் தெய்வத்துக்குக் கிடா வெட்டினார் என்று பட்டியல் போடுவது அங்கே இல்லை.

படி 4: சிலுவைக்குப் பின் என்ன சொல்லியிருக்கிறது?

இங்கே எல்லோரும் கலாத்தியர் 3:13க்குப் போவார்கள்: கிறிஸ்து நமக்காகச் சாபமானார். நல்ல வசனம்தான், ஆனால் அங்கே பேசப்படுவது நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசேயின் சட்டத்தின் சாபம். நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக இழுத்து நீட்டக் கூடாது. இதைவிட நேராகப் பேசுவது 1 பேதுரு 1:18,19. முன்னோர்களால் பாரம்பரியமாய் அநுசரித்துவந்த வீணான நடத்தையினின்று கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே "மீட்கப்பட்டீர்கள்" என்கிறார் பேதுரு. முடிந்துபோன காரியமாகச் சொல்கிறார், இனிமேல்தான் முறிக்கவேண்டிய ஒன்றாக அல்ல.

படி 5: அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்

எபேசுவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தியானாள் கோயிலும் மாயவித்தையும் நிறைந்த ஊர். தலைமுறை தலைமுறையாக அதிலேயே ஊறியவர்கள் விசுவாசத்துக்கு வந்தபோது என்ன நடந்தது? அப்போஸ்தலர் 19:18,19 சொல்கிறது: "தங்கள் செய்கைகளை" அறிக்கையிட்டார்கள், மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தார்கள். அதன் கிரயம் 50,000 வெள்ளிக்காசு. பாட்டன் பூட்டன் பாவத்துக்கென்று தனிச் சடங்கு எதுவும் இல்லை.

பிறகு எபேசியருக்கு எழுதின நிருபத்தில், ஆறாம் அதிகாரத்தில், சர்வாயுதவர்க்கம், அதாவது பிசாசை எதிர்த்து நிற்க விசுவாசி தரிக்கவேண்டிய ஆயுதங்கள் வருகிறது: சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம், கூடவே ஜெபம். பரம்பரைச் சாபமுறிவு அவசியமானால், அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் பவுலுக்குக் கிடைத்திருக்காது.

இப்போது நோட்டுக்குத் திரும்புங்கள். 'அ'வுக்கு டிக் போடலாம். 'ஆ'வுக்கு எதிராக எசேக்கியேலும் பேதுருவும் நிற்கிறார்கள். 'இ'க்கு உதாரணம் இல்லை. 'ஈ'க்கு வசனமே இல்லை.

படி 6: போதனை ஆட்களை என்ன செய்கிறது?

இது சின்னப் படிதான், ஆனாலும் விடாதீர்கள். காணிக்கை கேட்கிறார்களா? ஒவ்வொரு கூட்டத்திலும் புதுச் சாபம் ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறதா? மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் உடனே விலகிவிடுங்கள், மாத்திரையைத் தொடருங்கள். மத்தேயு 4:24 பிசாசுபிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் (வலிப்பு நோயாளிகள்) திமிர்வாதக்காரரையும் தனித்தனியாகச் சொல்கிறது. 17ஆம் அதிகாரத்தில் பிசாசும் சந்திரரோகமும் சேர்ந்த ஒரு பையன் வருகிறான், உண்மைதான். அதற்காக எல்லா வியாதியும் பிசாசு ஆகிவிடாது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கு, "கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள்" என்று கைமருந்துதான் சொன்னார் பவுல் (1 தீமோத்தேயு 5:23). பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3).

போதகரிடம் கேட்பதாக இருந்தால், கூட்டத்தின் நடுவில் வேண்டாம். ஆராதனை முடிந்து தனியாக, "ஐயா, நீங்க சொன்ன இந்த விஷயத்துக்கு வசனம் எங்கேன்னு சொன்னீங்கன்னா வீட்ல படிச்சுப் பார்ப்பேன்" என்று கேளுங்கள். நல்ல போதகர் சந்தோஷப்படுவார். கோபப்பட்டால் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

நீங்களே செய்து பார்க்க இரண்டு

முதலாவது மத்தேயு 18:18, "பூலோகத்திலே நீங்கள் எவைகளைக் கட்டுவீர்களோ..." இதை வைத்துத்தான் "சாத்தானைக் கட்டுகிறேன்" என்று ஜெபிக்கிறார்கள். 15ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டவை, அதனால் எண்ணுக்கு எண் துண்டாக்கி வாசிக்க அவசியமில்லை. அங்கே பேச்சு யாரைப் பற்றியது? பிறகு மத்தேயு 12:29, அப்போஸ்தலர் 16:18, யூதா 9 மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது தானியேல் 10. ஊருக்கு ஊர் ஆளுகிற ஆவியைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லி எதிர்க்கவேண்டும் என்ற போதனையை 1990களில் அமெரிக்காவின் சி. பீட்டர் வாக்னர் பரவலாக்கினார். அதற்குக் காட்டப்படும் முக்கிய இடங்களில் ஒன்று, 13ஆம் வசனத்தில் வரும் பெர்சியா ராஜ்யத்தின் அதிபதி. அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்: அந்த 21 நாளும் தானியேல் என்ன செய்துகொண்டிருந்தார், அந்த அதிபதியைப் பற்றி அவருக்கு எப்போது தெரியவந்தது?