அருங்காட்சியகப் பயிற்சிக்குப் போகிறீர்களா? முதலில் லேபிளைக் கவனியுங்கள்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 14 கோடிக்கும் மேற்பட்ட மாதிரிகள் (பாதுகாத்து வைத்த உயிரினங்கள், பாறைகள் போன்றவை) இருக்கின்றன. பார்வையாளர்கள் காண்பது மிகச் சிறு பகுதிதான். மீதியெல்லாம் உள்ளே, இழுப்பறைகளிலும் ஆல்கஹால் ஜாடிகளிலும். பயிற்சி மாணவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் வேலை. இது போன்ற எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் லேபிளை மாதிரியிலிருந்து பிரிக்காதீர்கள். எங்கே, எப்போது, யார் சேகரித்தது என்ற தகவல் தொலைந்தால், ஊசியில் குத்தி வைத்த ஒரு வண்டால் ஆய்வாளருக்குப் பெரிய பயன் இல்லை.

பழைய லேபிளில் உயிரினத்தின் பெயர் தவறாக இருக்கிறதா? அடிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், திருத்தத்தை, திருத்தியவர் பெயர், ஆண்டோடு தனிச் சீட்டில் எழுதி அதே ஊசியில் சேர்ப்பார்கள். முந்தைய ஆய்வாளர் என்ன நினைத்தார் என்பதும் தகவல்தானே!

ஜாடிக்குள் போடும் சீட்டுக்குப் பால்பாயிண்ட் பேனா ஆகாது, மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பென்சில் நிற்கும்.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். பாடம் செய்த பழைய பறவை, விலங்குத் தோல்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் தடவியிருப்பார்கள். கையுறை போடுங்கள், வெளியே வந்ததும் கைகழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.