சிறிய கணினிக்குக் கேபினட் வாங்கும் முன்

குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறிய கணினியை வீட்டிலேயே இணைக்க விரும்புவோர், பாகங்களை அடக்கும் பெட்டியான கேபினட்டின் அழகுக்கு முன் அதன் உள்ளளவுகளைப் பார்ப்பது நல்லது. பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டில் சிறிய வகையான மினி ஐடிஎக்ஸ் 170 மி.மீ. நீளமும் அதே அகலமும் கொண்டது. அதற்கென வரும் எந்தப் பெட்டியிலும் அது அடங்கிவிடும். பெரும்பாலும் இடிப்பது ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம்தான். கூலருக்கு 45 மி.மீ. வரை இடமுண்டு என்று விவரக்குறிப்பு சொன்னால், 37 மி.மீ. உயரக் கூலரே போதும். விசிறி காற்றை இழுக்க மேலே சிறிது இடைவெளி வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளை. சும்மா இருக்கையில் 20 வாட் மட்டுமே எடுக்கும் கணினிக்கு 500 வாட் பவர் சப்ளையைப் பொருத்தினால், அவ்வளவு குறைந்த சுமையில் அதன் செயல்திறன் சரிந்து, மிச்சப்படுத்த நினைத்த மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாகவே வீணாகும். எனவே, தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாதவர்கள், மடிக்கணினிக்கு இருப்பதுபோல் வெளியே அடாப்டர் வைத்து இயங்கும் பெட்டியைத் தேர்ந்தெடுக்கலாம். அடாப்டரில் விசிறி இல்லாததால் சத்தமும் குறையும்.

பெட்டிக்கு விசிறி வேண்டுமென்றால், கீச்சிடும் 40 மி.மீ. விசிறியைவிட, மெதுவாகச் சுழலும் 120 மி.மீ. விசிறிக்கு இடமுள்ளதே மேல். தூசி வடிகட்டியைத் திருகு கழற்றாமல் உருவ முடிகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.