ஸ்காட்லாந்திலிருந்து ஒட்டாகோவில் குடியேறியவரின் வேரைத் தேடுவது எப்படி?

என் மருமகள் நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் இருக்கும் டுனெடின் ஊர்க்காரி. ஐந்து தலைமுறைக்கு முன் ஒரு மெக்கே ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தார் என்பதற்கு மேல் அவள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பேத்திக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் தேட உட்கார்ந்தேன், எட்டு மாதம் ஆனது.

முதலில், ஸ்காட்லாந்தில் தேட ஆரம்பிக்காதீர்கள். அங்கே மெக்கேக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் இறந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். நியூசிலாந்து இறப்புப் பதிவில் 1876 முதல் பெற்றோர் பெயர், பிறந்த இடம், நாட்டுக்கு வந்து எத்தனை வருடம் என்பதெல்லாம் கேட்டு எழுதினார்கள். அரசுத் தளத்தில் சான்றிதழ் வேண்டாம், பிரின்ட் அவுட் கேளுங்கள், விலையும் குறைவு, தேவையான விவரமும் அதில் இருக்கும். எங்களுக்கு வந்ததில் 'கெய்த்னஸ்' என்று மாவட்டப் பெயர் இருந்தது, அதுவே பாதி வேலை.

அடுத்து பேப்பர்ஸ் பாஸ்ட் தளத்தில் பழைய செய்தித்தாள்கள், இலவசம். இங்கே ஒரு சிக்கல்: அந்தக் காலத்து அச்சில் மெக் என்பதற்கு எம் எழுத்தும் பக்கத்தில் ஒற்றை மேற்கோள் குறியும் மட்டும்தான் இருக்கும். அப்படியே தட்டச்சு செய்து தேடுங்கள். எனக்கு இரங்கல் செய்தி அப்படித்தான் கிடைத்தது.

அப்புறம் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள், ஸ்காட்லாந்தின் பழைய பதிவேடுகளுக்கான அரசுத் தளம். பட்டியலில் தேடுவது இலவசம், பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்க வேண்டும். அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது, அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இவர் பிறந்தது 1844இல், ஞானஸ்நானப் பதிவு எங்குமே இல்லை. மூன்று மாதம் பக்கத்து ஊர்ப் பதிவுகளை எல்லாம் புரட்டினேன். விஷயம் என்னவென்றால் 1843இல் ஸ்காட்லாந்து திருச்சபை உடைந்து ஃப்ரீ சர்ச் பிரிந்தது, பழைய பதிவேடுகளோ பிரியாமல் நின்ற திருச்சபையுடையவை. 1848இல் ஒட்டாகோ குடியேற்றத்தை நடத்தியதே ஃப்ரீ சர்ச்சைச் சேர்ந்தவர்கள்தான், பிலிப் லேங் கப்பலில் வந்த போதகர் தாமஸ் பர்ன்ஸ் உட்பட. அப்படியானால் உங்கள் ஆளும் அந்தப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே தளத்தில் 'அதர் சர்ச்சஸ்' என்ற பகுதியைத் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். மங்கிய மையில் அவர் பெயர், அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருந்ததைப் பார்த்தபோது இரவு இரண்டு மணி, மருமகளை எழுப்பிக் காட்டினேன்.

தாத்தா யார் என்று குழம்பினால் பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர் வைப்பது அங்கே பழைய வழக்கம். நாமும் தாத்தா பெயரைத் தாங்குபவனைத்தானே பேரன் என்கிறோம். எல்லா வீட்டிலும் இப்படி இருக்காது, துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: ஒரே தம்பதிக்கு இரண்டு ஊரில் திருமணப் பதிவு வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பெண்ணின் ஊர், மாப்பிள்ளையின் ஊர் இரண்டின் தேவாலயத்திலும் திருமண அறிவிப்பை வாசிப்பார்கள், அதனால்தான். இரண்டு பக்கத்தையும் திறந்து பாருங்கள், ஒன்றில் விட்டுப்போன அப்பா பெயர் மற்றொன்றில் இருக்கலாம்.