சிறிய சில்லுக்குள் பெரிய பிறேக்: பழைய கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னரும் புதிய வாகனங்களின் விலை பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கின்றது. ஆகவே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருபது, முப்பது வயதான ஸ்டார்லட், மார்ச், சுவிப்ட், விட்ஸ், மாருதி போன்ற சிறிய கார்கள் இன்னும் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சினைத் திருத்தி, வர்ணம் பூசி, இருக்கை உறைகளையும் மாற்றிய உரிமையாளர் அடுத்ததாக பிறேக்கைப் பற்றி யோசிக்கின்றார். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே கம்பனியின் பெரிய மொடலில் இருந்து கழற்றிய டிஸ்க்கும் (சில்லோடு சுழலும் பிறேக் தட்டு) கலிப்பரும் (உராய்வுக் கட்டைகளான பாட்களால் அந்தத் தட்டை நெரித்துப் பிடிக்கும் பாகம்) கிடைக்கின்றன. ஆனால் டயர் விலையை எண்ணியும், காரின் பழைய தோற்றத்தை விரும்பியும், 12 அல்லது 13 அங்குலச் சில்லுகளை மாற்ற அவர் விரும்புவதில்லை. தவறுகள் தொடங்கும் இடம் இதுதான்.

காரில் உண்மையில் என்ன குறை என்று கேட்காமலே பாகங்களை வாங்குவது முதலாவது தவறு. பிறேக் சில்லை நிறுத்துகின்றது; காரை நிறுத்துவது டயருக்கும் வீதிக்கும் இடையிலான பிடிமானம். பழைய பிறேக்கே அழுத்தி மிதித்தவுடன் சில்லைச் சுழலாமல் பூட்டிவிடும் வலுவுடையதாக இருந்தால், பெரிய டிஸ்க் போடுவதால் கார் நிற்கும் தூரம் குறைந்துவிடாது. பெரிய டிஸ்க் தருகின்ற உண்மையான நன்மை, மீண்டும் மீண்டும் பிறேக் பிடிக்கும்போது எழும் வெப்பத்தைத் தாங்குவதுதான். ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து நிற்கும்போது ஏறத்தாழ 247 கிலோஜூல் சக்தி வெப்பமாக மாறுகின்றது. அதில் நூற்றுக்கு எழுபது பங்கு முன் டிஸ்க்குகளுக்குப் போவதாகவும், அவை இரண்டும் சேர்ந்து 8 கிலோகிராம் இரும்பு என்றும் வைத்துக்கொண்டால், ஒரு தடவை நிறுத்துவதால் அவற்றின் வெப்பம் 50 பாகைக்குக் குறைவாகவே உயரும். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதி கடலோரச் சமதரை. அங்கே இந்த வெப்பம் அடுத்த சந்திக்கு முன்னரே பெருமளவு ஆறிவிடும்.

பதுளை வீதியின் கதை வேறு. பதுளை கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி வரும் அதே காரிடம் இருந்து 6,600 கிலோஜூலுக்கு மேற்பட்ட சக்தி வெளியேற வேண்டும். இது 80 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 26 தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் அதில் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், கியரைக் குறைக்காமல் பிறேக்கை மட்டும் நம்பி இறங்குபவருக்கு எந்த அளவு டிஸ்க்கும் போதாது. நிறைந்த சுமையோடு அந்த வீதியில் அடிக்கடி பயணிப்பவருக்குப் பெரிய பிறேக் வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. மட்டக்களப்பு நகரத்துக்கும் ஏறாவூருக்கும் இடையே ஓடும் காருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

அத்தகைய காருக்கு, உள்ளதைச் செம்மையாக்குவது கூடுதலான பலனைத் தரும். கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் உப்புக்காற்றில் நிற்கும் கார்களில், கலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்கள் துருவேறி இறுகிவிடுகின்றன. அதனால் ஒரு பாட் மட்டும் தேய்ந்து, மற்றையது புதிதாகவே இருக்கும். அந்தப் பின்களைக் கழற்றித் துடைத்து, பிறேக்குக்குரிய கிறீஸ் பூசி, றப்பர் சீல்களையும் ஹோஸ்களையும் மாற்றி, பின் சில்லுகளின் டிரம் பிறேக்குகளைச் சரிசெய்தாலே பலர் ‘பிறேக் போதாது’ என்று சொன்ன கார் வேறொரு காராகிவிடும். பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரமேறிய ஒயில் குறைந்த சூட்டிலேயே கொதித்து பிறேக்கை வலுவிழக்கச் செய்யும். டொட் 3 என்ற தரத்தைச் சேர்ந்த புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரமேறிய பின் அதற்குரிய வரம்பு 140 பாகைதான். டொட் 4 ஒயிலுக்கு இவை 230, 155 பாகைகள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒயிலை மாற்றாதவர் டிஸ்க்கைப் பெரிதாக்குவது வீண் செலவு.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்த பின்னரும் பெரிய பிறேக்தான் வேண்டும் என்று தீர்மானித்தவர் விடும் மிகப் பெரிய தவறு, றிம்மின் அங்குல எண்ணை உள்ளே இருக்கும் இடம் என்று எடுத்துக்கொள்வது. 13 அங்குலம் என்பது டயரின் விளிம்பு வந்து உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில் 330. டயரை ஏற்றுவதற்காக றிம்மின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 17 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்நோக்கி இறங்கியிருக்கும். உலோகத்தின் தடிப்பு 3 மில்லிமீற்றர் என்றால், அந்த இடத்தில் உள்விட்டம் 290 மில்லிமீற்றருக்கு வந்துவிடுகின்றது. இதற்குள் 255 மில்லிமீற்றர் டிஸ்க்கைப் போட்டால், அதன் விளிம்புக்கும் றிம்முக்கும் இடையே மிஞ்சுவது 17 மில்லிமீற்றர் அளவே. டிஸ்க்கின் விளிம்பைக் கடந்து நிற்கும் கலிப்பரின் முதுகும், அதன் கீழும் மேலும் விடவேண்டிய இடைவெளிகளும் இந்த 17 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலும் அடங்காது. அலோய் றிம் இரும்பு றிம்மைவிடத் தடிப்பாக இருப்பதால், ‘அலோய் போட்டால் இடம் கிடைக்கும்’ என்ற நம்பிக்கையும் எல்லா றிம்முக்கும் பொருந்தாது.

மேற்பக்க இடைவெளியை அளந்தவர்களும், றிம்மின் முகத்துக்கும் கலிப்பருக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளியை மறந்துவிடுகின்றார்கள். இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒயில் அழுத்தத்தால் பாட்டைத் தள்ளும் பிஸ்டன் ஒன்று மட்டுமே கொண்ட, வழுக்கி நகரும் வகைக் கலிப்பரில், வெளிப் பாட் புதிதாக இருக்கும்போதுதான் கலிப்பரின் வெளிப்பக்கம் சில்லை நோக்கி மிகவும் வெளியே நிற்கும். பாட் தேயத் தேய அது உள்ளே போகும். பாவித்த கலிப்பரைத் தேய்ந்த பாட்களோடு பொருத்திப் பார்த்து ‘சரியாக இருக்கின்றது’ என்று சொன்ன வேலை, புதிய பாட் போடும் நாளில் றிம்மில் உரசும். ஆகவே புதிய டிஸ்க், புதிய பாட் இரண்டையும் போட்டே அளக்க வேண்டும். சிறுவர்கள் விளையாடும் களியைக் கலிப்பரின் முதுகிலும் முகத்திலும் தடவி, சில்லைப் பூட்டி, நட்டுகளை முழுமையாக இறுக்கி, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிய பின் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய களி எந்த இடத்திலும் 3 மில்லிமீற்றரைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது. திருப்பத்தில் சில்லு சற்று வளையும், பெயாரிங்கில் சிறு ஆட்டம் இருக்கும், சூட்டில் உலோகம் விரியும். அந்த 3 மில்லிமீற்றர் இவற்றுக்கு உரியது. றிம்மின் உட்புறம் ஒட்டிய பலன்ஸ் ஈயமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

கார் உற்பத்தியாளர்களே இந்த இடப் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்பதை மினி காரில் காணலாம். 1959இல் 10 அங்குலச் சில்லோடும் டிரம் பிறேக்கோடும் வந்த அந்தக் காரின் வேகமான கூப்பர் எஸ் வகைக்கு, 1963இல் 7.5 அங்குல டிஸ்க்தான் கொடுத்தார்கள். அந்தச் சில்லுக்குள் அதற்குத்தான் இடம் கிடைத்தது. 1984இல் டிஸ்க்கை 8.4 அங்குலமாக்கியபோது சில்லையும் 12 அங்குலமாக மாற்றினார்கள்.

இடம் போதாதபோது கிறைண்டரை எடுப்பது அடுத்த தவறு. இந்தக் கட்டுரையில் மற்ற எதையும்விட இதைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்கின்றேன். கலிப்பரின் முதுகு வெறும் மூடி அல்ல. பிஸ்டன் உட்பக்கத்தில் இருந்து தள்ளும் விசை முழுவதையும் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோய் இரண்டு பாட்களையும் சேர்த்து நெரிப்பது அந்த முதுகுதான். அதில் 2 மில்லிமீற்றரைத் தேய்த்து எடுத்தாலும் கலிப்பர் விரியத் தொடங்கும். மிதி பஞ்சுபோல் ஆகும். அவசரமாக மிதிக்கும் ஒரு நாளில் வெடிப்பும் ஏற்படலாம். டிஸ்க்கை லேத்தில் போட்டு விளிம்பைக் குறைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பாட்டின் மேல்விளிம்பு டிஸ்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, தேயாமல் ஒரு படியாக மிஞ்சும். இரு பக்கப் படிகளும் ஒன்றையொன்று தொடும் நாளில் பிறேக் பிடிக்காது.

பக்கவாட்டு இடத்துக்காக, சில்லை வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசர் தகட்டைப் போடுவதிலும் ஆபத்து இருக்கின்றது. நட்டு, ஆணியின் விட்டத்துக்குக் குறையாத நீளத்துக்குப் புரியில் ஏறியிருக்க வேண்டும். டொயோட்டாவின் 12 மில்லிமீற்றர் ஆணியில் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர் என்பதால் குறைந்தது 8 முழுச் சுற்று. சுசுக்கி, நிசான் ஆணிகளில் 1.25 என்பதால் 10 சுற்று. விரலால் நட்டைச் சுற்றி எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த எண்ணிக்கை வராவிட்டால் நீளமான ஆணிகளைப் போட வேண்டும், அல்லது ஸ்பேசரைக் கைவிட வேண்டும்.

பாகங்களைக் கலந்து பொருத்துவதில் நடக்கும் பிழைகள் பல. உள்ளே காற்றுப் போகும் தடித்த டிஸ்க்குக்கென வார்த்த கலிப்பரில் மெல்லிய டிஸ்க்கைப் போட்டால், பாட் தேய்ந்த காலத்தில் பிஸ்டன் தன் சீலைத் தாண்டி வெளியே வந்து ஒயில் முழுவதும் கொட்டிவிடும். வலது, இடது கலிப்பர்களை மாற்றிப் பூட்டினால் காற்று எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை முறை எயார் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று போகாது. வீட்டில் வெட்டி வெல்டிங் செய்த தகட்டில் கலிப்பரைத் தொங்கவிடுவதைவிட, அதே மொடலின் பெரிய எஞ்சின் வகையில் இருந்து, சில்லையும் கலிப்பரையும் தாங்கும் நக்கிளோடு சேர்த்து முழுத் தொகுதியாக வாங்குவது நல்லது. அப்போதும் அச்சின் பற்களும் பந்துமூட்டின் கூம்பும் பொருந்துகின்றனவா என்று வாங்குமிடத்திலேயே பார்க்க வேண்டும். பஞ்சிகாவத்தைக்கு இரண்டாவது பயணம் இங்கிருந்து ஒரு முழு நாளை விழுங்கும்.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலையை எண்ணாதவர்களே அதிகம். 235 மில்லிமீற்றர் டிஸ்க்கை 255 ஆக்கினால், பாட் பிடிக்கும் ஆரம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து கூடும். பிஸ்டன் 48இல் இருந்து 54 மில்லிமீற்றருக்குப் போனால் பரப்பு நூற்றுக்கு 27 கூடும். இரண்டும் சேர்ந்து, அதே மிதி அழுத்தத்தில் முன் பிறேக் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வலுவாகின்றது. பின் டிரம்மோ பழைய இடத்திலேயே நிற்கின்றது. மாரிமழையில் நனைந்த வீதியிலும், கடற்கரையோர வீதிகளில் படியும் மணலிலும், பின் சில்லுகள் தம் பங்கைச் செய்வதற்கு முன்னரே முன் சில்லுகள் பூட்டிக்கொள்ளும். சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத பழைய காரில் அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பயனற்றுப் போகும். கார் நிற்கும் தூரமும் முன்னரைவிடக் கூடும். பெரிய பிஸ்டனுக்குக் கூடுதலான ஒயில் தேவை என்பதால் மிதியும் ஆழமாகப் போகும். அதற்காக, மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாகப் போட்டால் ஆழம் குறையும், ஆனால் கால் வலு கூடுதலாக வேண்டிவரும். எனவே டிஸ்க்கின் விட்டத்தைக் கூட்டினாலும் பிஸ்டனின் அளவைப் பழைய அளவுக்கு நெருக்கமாக வைத்திருக்கும் கலிப்பரைத் தேடுவதுதான் அறிவுள்ள வழி. பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுச் சமன்செய்ய முயல வேண்டாம். பின் சில்லு முதலில் பூட்டிய கார் சுழலும்.

ஹோஸ் ஸ்டியரிங்கின் இரு எல்லைகளிலும் சில்லில் தொடாமலும் முறுகாமலும் இருக்க வேண்டும். செப்பு வாஷர்களைப் புதிதாகப் போட வேண்டும். புதிய பாட்களை வெறிச்சோடிய வீதியில் 60 கிலோமீற்றரில் இருந்து மிதமாகச் சிலமுறை வேகம் குறைத்துப் பழக்கிய பின்னரே சுமையேற்ற வேண்டும்.

இடம் எவ்வகையிலும் கிடைக்காவிட்டால், சில்லை ஒரு அங்குலம் பெரிதாக்குவது கலிப்பரைத் தேய்ப்பதைவிட எப்போதும் மேல். 155/80 ஆர் 13 டயரின் வெளிவிட்டம் 578 மில்லிமீற்றர். 175/65 ஆர் 14 டயரின் வெளிவிட்டம் 583. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பதால் வேகமானியும் கியரும் குழம்பாது. ஆனால் பின்பெட்டிக்குள் கிடக்கும் மேலதிகச் சில்லு பழைய 13 அங்குலமாகவே இருந்துவிடும். மகா ஓயாவுக்கு அப்பால் இரவில் முன் டயர் பஞ்சராகும்போது அது புதிய கலிப்பருக்கு மேல் ஏறாது. நான்கு றிம் வாங்கும்போது ஐந்தாவதையும் வாங்குங்கள். கராஜில் இருந்து காரை எடுப்பதற்கு முன் அந்த ஐந்தாவதை முன் இரு பக்கமும் பூட்டிச் சுற்றிப் பாருங்கள்.